எண் போடாத குழம்பு

தம்பி,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாலு வரி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் பேப்பரில் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம்தான். நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். நானும் பாதியில் பேச்சை மாற்றி, பட்டுவேட்டிக்குக் கரை எத்தனை விரல் அகலம் என்று ஆரம்பித்துவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் அது நன்றாக வரும்.

நேற்று காலை கல்யாணச் சமையல்காரர் எனக்கு போன் செய்தார். ராயப்பேட்டைக்காரர், சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனிதர். "இன்னாம்மா, உங்க புள்ள போன் பண்ணி ஒரு எலைக்கு எவ்ளோ கலோரின்னு கேக்குறாரு. நானு முப்பது வருசமா சமைச்சிகினு கீறேன். எத்தினி எலைன்னு கேட்டுகிறாங்க, எத்தினி டின்னு எண்ணென்னு கேட்டுகிறாங்க. இத ஒர்த்தரும் கேட்டதில்ல. மாப்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியாம்மா?" என்றார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் என் வாய் கொஞ்ச நேரம் அப்படியே சிரித்தபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வருத்தம்கூட இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியாதே, அந்த மாதிரி. எனக்கு இது புதிதல்ல, பதினேழு வருஷமாக இப்படித்தான்.

உனக்குத் தெரியாத இன்னொன்று. போன ஞாயிற்றுக்கிழமை கயல் இங்கே வந்தாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண், உன்னிடம் சொல்லாமல், பாலவாக்கத்திலிருந்து வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக வந்தாள். வந்து உட்கார்ந்து, கால் மணி நேரம் பூக்காரியைப் பற்றியும் கோயில் குளக்கரைப் பக்கம் வண்டி நிறுத்த இடமில்லாததைப் பற்றியும் பேசினாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "அத்தை, பசிக்குதான்னு கேட்டா அவரு போன்ல அந்தக் கலோரி ஆப்பைத் தொறந்து பாக்குறாரு. இன்னிக்கு இன்னும் எவ்ளோ பாக்கி இருக்குன்னு பாத்துட்டுதான் பசிக்குதா பசிக்கலையான்னே சொல்றாரு."

நிச்சயதார்த்தம் முடிந்து அவர்கள் வீட்டில் உன்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்களாமே. அவள் அம்மா கடற்கரையில் போய் நின்று பார்த்து வாங்கிய மீனில் குழம்பு வைத்திருந்தாராம். நீ கரண்டியைப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை ஸ்பூன் எண்ணெய் ஆன்ட்டி?" என்று கேட்டிருக்கிறாய். "ஸ்பூன்ல யாருப்பா ஊத்துறா?" என்று அவர் சிரித்திருக்கிறார். நீ சிரிக்கவில்லை. தயிரில் கொஞ்சம் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாய். "எங்கம்மா ஒரு வாரமா அதையே சொல்லிட்டிருந்தாங்க அத்தை. எனக்கு அதுகூடப் பரவால்ல. கார்ல ஏறினதும் ஒரு ப்ரோட்டீன் பார எடுத்துப் பிரிச்சாரு. அந்தக் கவர்ல நம்பர் போட்டிருந்துச்சு. அத அவ்ளோ நிம்மதியா சாப்பிட்டாரு. அதப் பாத்துதான் எனக்குப் பயமாயிடுச்சு." கல்யாணத்தை நிறுத்த வரவில்லை என்று அவளே சொன்னாள். உன்னைப் பிடித்திருக்கிறது என்றாள். "நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா அதுக்கும் ஆப்ல ஏத்துவாரா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் காபி கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய், பால் பொங்குகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் போகும்போது, "நான் வந்தேன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். நல்ல பெண். நான் ஒளித்து வைத்தவள், எனக்கு அது சுருக்கென்றிருக்க வேண்டும். இருக்கவில்லை.

அதற்கும் முந்தின வாரம்தான் உன் ரத்தம் என் கைக்கு வந்தது. வருஷாவருஷம் உங்கள் கம்பெனியில் கேட்கிற செக்கப். "உன் லேப்லயே எடுத்துடு மா, அலைய முடியாது" என்று வந்து கையை நீட்டினாய். ரப்பரைக் கட்டினதும் நரம்பு பளிச்சென்று எழுந்து நின்றது, அப்படி ஒரு ஒல்லி. முப்பத்தோரு வருஷமாக நான் செய்கிற வேலை இது. ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் வாங்கி எண்ணாக மாற்றிக் கொடுப்பது. உன்னுடையதையும் மெஷினில் வைத்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மூன்று மாதச் சர்க்கரையும் அங்கேதான். ட்ரைகிளிசரைடு மேலே, ஹீமோகுளோபின் கீழே, பி12 இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட வந்த டாக்டர் பெயரைப் பார்க்காமல், "யாரும்மா இது, அம்பது வயசு ஆளா? நல்லா குண்டா இருப்பாரா?" என்றார். "இருபத்தொன்பது சார். ஒல்லி. என் பையன்" என்றேன். அவர் திரும்ப ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். "ஒல்லியா? அப்ப என்ன சாப்பிடறான்னு கேளுங்க. எவ்வளவுன்னு கேக்காதீங்க, என்னன்னு கேளுங்க" என்றார். எனக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. சொல்லிக் கொடுத்ததே நான்தானே.

உனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா போனார். அவர் பெரிய உருவம் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்தால் உனக்கு முன்னால் ரோடே தெரியாது. நீயும் அவர் வாகுதான். அவர் போய் ஆறு மாதத்தில் உன் பள்ளிக்கூடப் பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. தையல்காரரிடம் கொண்டுபோனேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார் பாவம். அடுத்த சனிக்கிழமையே உன்னை தி.நகருக்கு இழுத்துக்கொண்டு போனேன். பாத்திரக்கடை மாடியில் ஒரு டயட்டீஷியன் இருந்தார். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். "வளர்ற பிள்ளைம்மா, ஓடியாட விடுங்க. வீட்டுச் சாப்பாடுதான், கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, கடைத் தீனியை நிறுத்துங்க" என்றுதான் சொன்னார். கூடவே எதில் எத்தனை கலோரி என்று ஒரு சார்ட் கொடுத்தார். அவர் வாயால் சொன்னதையெல்லாம் மாடிப்படியிலேயே விட்டுவிட்டு, சார்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நான் அழ வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். உன் அத்தை என்னைக் கட்டிப் பிடித்து, முதுகில் தட்டித் தட்டிப் பார்த்தாள். வரவில்லை. நடந்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன். மனசு மரத்துப் போய்விட்டது. ஒரு நோட்டு வாங்கி, காலை இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு என்று எழுதி எதிரே எண்ணைப் போட ஆரம்பித்தபோதுதான் கை ஏதோ செய்கிறது என்று தெரிந்தது. உனக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் பாதி எனக்காக.

ஒரு நாள் காரக்குழம்பு வைத்துவிட்டு நோட்டோடு உட்கார்ந்தேன். நல்லெண்ணெய் இரண்டு குழிக்கரண்டி என்று தெரியும். ஆனால் சட்டியில் இருப்பதில் உன் தட்டுக்கு எவ்வளவு வருகிறது? மேலாக எடுத்தால் எண்ணெய் வரும், அடியில் எடுத்தால் கத்தரிக்காய் வரும். பூண்டு எத்தனை பல், சின்ன வெங்காயம் எத்தனை, நான் எண்ணிப் போட்டேனா? அரை மணி நேரம் போராடிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். லேபில் அளக்க முடியாத சாம்பிள் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். நான் குழம்பைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்குப் பிறகு நம் வீட்டில் எண் போட முடியாத எதுவும் உனக்கு இல்லை. கீரை மசியல் போனது, கூட்டு போனது, வாழைப்பூ, அவியல், துவையல் எல்லாம் போனது. அந்த இடத்துக்குப் பாக்கெட்டுகள் வந்தன. தவிட்டு பிஸ்கட், சோள அவல், கப்பில் வெந்நீர் ஊற்றுகிற நூடுல்ஸ், சர்க்கரை இல்லாத குளிர்பானம். பின்னாலே திருப்பினால் கட்டம் கட்டி எண் அச்சடித்திருந்தது. மற்றவர்கள் ரிப்போர்ட்டில் நான் அச்சடித்துக் கொடுக்கிற எண்ணை அவர்கள் நம்புகிற மாதிரி, நான் அதை நம்பினேன்.

நீ சீக்கிரமே பிடித்துக்கொண்டாய். பதிமூன்று வயதில், "மா, கீரைல தேங்கா எவ்ளோ போட்டேன்னு உனக்கே தெரியல. இந்த நூடுல்ஸ்ல கரெக்டா போட்டிருக்கான் பாரு, இதையே குடு" என்றாய். என் பிள்ளை என்ன கெட்டிக்காரன் என்று பூரித்துப் போய் லேபில் எல்லோரிடமும் சொன்னேன். நோட்டில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு தட்டு கூட்டுச் சோறும் ஒரே எண்ணாக நின்றன. ஒரே எண் என்றால் ஒரே சாப்பாடு என்று எடுத்துக்கொண்டேன். வயிற்றுக்குள் போனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை, எனக்கோ அதில் டிப்ளமாவே இருக்கிறது. நீ இளைத்தாய். "ஆளே மாறிட்டானே" என்று தெருவே சொன்னது. அந்தப் புகழ் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் இரண்டாம் வருஷத் திதி உனக்கு நினைவிருக்கிறதா என்று பல தடவை கேட்க நினைத்து விட்டிருக்கிறேன். குளக்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்து, வீட்டில் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் போட வேண்டும் இல்லையா? வடை, உருளைக்கிழங்கு காரக்கறி, சேனை வறுவல், பால் பாயசம். இலை கொள்ளவில்லை. காக்கா எடுத்த பிறகு உனக்கு இலை போட்டேன். ஒரு வடை, அரைக் கப் பாயசம் என்று அளந்து வைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் பார்க்கப் பார்க்க நோட்டை எடுத்து எழுதினேன். நீ படத்துக்கு முன்னால் இருந்த இலையைப் பார்த்தாய், உன் இலையைப் பார்த்தாய். "அப்பாவுக்கு மட்டும் எண்ண வேணாமா?" என்று கேட்டாய். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். நான், "எண்ணாததாலதான் அவரு அங்க போட்டோல இருக்காரு" என்றேன். உன் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ அந்த வடையை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாய். அதற்குப் பிறகு இன்றுவரை நீ வடை தின்று நான் பார்த்ததில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பதில் பொய்.

அப்பா போன அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு வைத்திருந்தேன், அப்பா நன்றாகத்தான் சாப்பிட்டார். நீ கிரிக்கெட் ஆடப் போயிருந்தாய். இரண்டரை மணிக்கு நெஞ்சில் என்னவோ அடைக்கிறது என்றார். "வாயுவா இருக்கும், படுங்க" என்று ஓமவாட்டர் கலக்கிக் கொடுத்தேன். நெஞ்சைத் தேய்த்துவிட்டேன். இடது கை குடைகிறது என்றார். வேர்த்துக் கொட்டியது. ஃபேனைக் கூட்டிவைத்தேன். இரண்டு தெரு தள்ளி என் லேப் இருந்தது, சாவி என் பையில் இருந்தது, உள்ளே ஈசிஜி மெஷின் இருந்தது. தினம் பத்துப் பேருக்கு எடுக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது அவருக்கு வரும் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், ஒரு ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்று நாலரை மணி வரை பார்த்தேன். அப்புறம்தான் ஆட்டோ. ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டார். "இப்பதான் சார், அரை மணி நேரம்" என்றேன். அவர் ஈசிஜி பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது அரை மணி நேரத்து வலி இல்லம்மா" என்றார். அப்பாவைப் பிழைக்க வைக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவர் பருமன் ஒரு காரணம் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கரண்டி குறைத்திருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்தார், அவருடைய அண்ணனும் நாற்பத்தாறில் இதே மாதிரி போனார். அதெல்லாம் சேர்ந்துதான் வலி வந்தது. வந்த பிறகு போன இரண்டு மணி நேரம் என்னுடையது. வீட்டுக்கு வந்தவர்கள், "ஞாயித்துக்கிழமை கறிச்சோறு, சும்மாவா" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அது ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. நீ வந்து, "ஏம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, "நிறைய சாப்பிட்டாருப்பா, அதான்" என்று உன்னிடமும் அதையே கொடுத்துவிட்டேன். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு வரியை நீ பதினேழு வருஷமாகத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். சாப்பாடு அப்பாவைக் கொன்றது என்று நினைக்கிற பிள்ளை, எண் போடாத சாப்பாட்டை எப்படி நம்பும்? உன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதை எழுதும்போதாவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் திரும்பப் பார்க்கிறேன். இப்படித்தான் ஆகிவிட்டேன், இதை நீ மன்னிக்க வேண்டும் என்றுகூட என்னால் அழுத்திக் கேட்க முடியவில்லை.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அம்மா என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அளவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அளவு வேண்டும்தான். ஆனால் அளவைப் பார்ப்பதற்கு முன்னால், இது என்ன, இதை யார் சமைத்தார்கள், இதில் எனக்குத் தெரியாத பெயர் எத்தனை இருக்கிறது என்று பார். கயல் வீட்டுக் குழம்பில் மீன் இருக்கிறது, புளி இருக்கிறது, எண்ணெய் கொஞ்சம் கூடவே இருக்கலாம், சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள். உன் காரில் இருக்கிற அந்த ப்ரோட்டீன் பார் கவரைத் திருப்பி, எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் ஒரு தடவை படி. எனக்கே பாதி வார்த்தை புரியவில்லை, நான் ரசாயனம் படித்தவள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவோம். எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது, திருப்பிவிடலாம் என்கிறார். சாப்பாட்டைக் கண்டால் வருகிற பயத்துக்கென்று தனியாகப் பேசுகிற டாக்டர்கள் இருக்கிறார்களாம், கயல் விசாரித்து வைத்திருக்கிறாள். போ. அவள் கூட வருவாள். நான் வர வேண்டுமென்றால் நானும் வருகிறேன். வெளியே உட்காரச் சொன்னால் வெளியே உட்காருகிறேன்.

கயல் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் அனுப்பினேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீதான். உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளை வாயை மூடிக்கொண்டு போதும் என்று தலையைத் திருப்பினால் போதும்தான். இன்னும் என்று கையை நீட்டினால் இன்னும் போடு. அதைத் தவிர வேறு எதையும் பார்க்காதே. உன்னிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.

நீ இதைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு நான் முன்னால் நிற்கக் கூடாது என்று சொல்லலாம். எது சொன்னாலும் எனக்கு உறைக்காது என்று நினைக்கிறேன், உறைக்கிற இடம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் இந்தக் கடைசிப் பக்கத்துக்கு வந்ததிலிருந்து ஒன்று மட்டும் உறைக்கிறது. இதைப் படித்துவிட்டு நீ இன்றைக்குச் சாப்பிடாமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது, ராஜா.

கோபத்தை என் மேல் காட்டு. சோற்றின் மேல் காட்டாதே.

அம்மா